வரியும் ஏடும்

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சிட்ட தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வைத்தது. ஒரு சொல்லைக் கொடுத்தால் அது வரும் வரிகள் உடனே கிடைக்கின்றன. இதைக் குறைத்துப் பேசுவது அசட்டுத்தனம். எனினும் விமர்சகனுக்கு வரி மட்டும் போதாது. சி. சு. செல்லப்பா 1959-ல் தொடங்கிய ‘எழுத்து’வில் புதுக்கவிதையும் அதுபற்றிய சர்ச்சையும் சேர்ந்தே வந்தன. கவிதையை மட்டும் பிய்த்து நண்பருக்கு அனுப்புகிறபோது, அது எதை எதிர்த்து எழுந்தது என்பது விட்டுப்போகிறது. தேடிப் பெற்ற வரிகளை அடுக்கி எழுதப்படும் கட்டுரைகள் பலவற்றில் இந்தப் பிரக்ஞை இல்லை. பழைய சிற்றேடுகளைப் பக்கம்பக்கமாகப் படமெடுத்த பிரதிகள் தேடலுக்கு எளிதில் வசப்படுவதில்லை. ஆனால் அவற்றில் தலையங்கம், சந்தா நினைவூட்டல், அச்சுப்பிழை எல்லாம் அப்படியே இருக்கின்றன. பாங்க்கில் மதிய இடைவேளையில் கைபேசியில் இவற்றையே புரட்டுகிறேன். கண் வலிக்கத்தான் செய்கிறது.