தலைவழித்த படி

படிக்கு இன்னும் பஞ்சமில்லை. பாத்திரக்கடைக்குப் போனால் எவர்சில்வரிலும் பித்தளையிலும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சீர்த்தட்டில் வைக்க வாங்கிப் போகிறார்கள். குவியலை விளிம்போடு தலைவழிக்கத் தெரிந்த கைதான் அருகிவிட்டது.

நம் பக்கத்துக் கல்யாணச் சமையலில் அந்தக் கை கொஞ்சம் மிச்சமிருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் ஒரு மாஸ்டர். பெயரைப் போட்டால் சங்கடப்படுவார், வேண்டாம். அவர் சாம்பாரை ஊரே புகழும். எனக்கு அவர் அரிசி அளக்கிற அழகே போதும். அவரிடம் ஒரு பித்தளை அரைப்படி உண்டு. விளிம்பு தேய்ந்து வழவழப்பாக இருக்கும், அடியில் ஒடுக்கு கிடையாது. மூட்டைக்குள் படியை விட்டு மொள்ளவே மாட்டார். முறத்தில் அரிசியைக் கொட்டி, அதிலிருந்து படிக்குள் சரிய விடுவார். முறம் எப்போதும் ஒரு சாண் உயரத்தில் நிற்கும். படியைக் குலுக்குவதில்லை, தரையில் தட்டுவதில்லை. கும்பம் எழுந்து மணிகள் தானாக வழியத் தொடங்கியதும் வலது உள்ளங்கையின் ஓரத்தை விளிம்பில் வைத்துத் தன் பக்கமாக ஒரே இழுப்பு. இரண்டாவது முறை கை போகாது. நாற்பது அரைப்படி அளந்தாலும் முதலாவதுக்கும் கடைசிக்கும் ஒரு கரண்டி அரிசி வித்தியாசம் வராது.

உதவிக்கு வரும் பையன்கள் மூட்டைக்குள் படியை அழுத்தி மொண்டு, மேலே குவியலோடு தூக்குகிறார்கள். அதையும் ஒரு அரைப்படி என்றே எண்ணுகிறார்கள். எண்ணிக்கை சரி, அரிசி சரியில்லை.

இந்தக் குவியல் சாதாரண விஷயமில்லை. ஒரே 1.6 லிட்டர் கொள்ளளவில் இரண்டு படி செய்வோம். ஒன்று 11 சென்டிமீட்டர் அகலம், 17 உயரம். இன்னொன்று 16 அகலம், 8 உயரம். தலைவழித்தால் இரண்டும் ஒன்றே. கும்பம் கட்டினால் ஒடுங்கிய படியில் மேலே ஏறுவது சுமார் 100 மில்லி, அகன்ற படியில் 300-க்கும் மேல். வியாபாரி தானியம் வாங்க ஒரு படியும் விற்க ஒரு படியும் வைத்திருப்பான் என்று பெரியவர்கள் சொன்னது வெறும் வயிற்றெரிச்சல் என்று ஒதுக்க முடியாது. இரண்டு படியும் கொள்ளளவுச் சோதனையில் தேறும்; வித்தை முழுக்க விளிம்புக்கு மேலே இருந்தது. அமெரிக்காவின் பாஸ்டனில் ஃபேனி ஃபார்மர் 1896-ல் எழுதிய சமையல் புத்தகத்தில் கப்பையும் ஸ்பூனையும் கத்தியால் வழித்துத்தான் அளக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை இன்றும் கொண்டாடுகிறார்கள். நம் மாஸ்டருக்குக் கத்தியும் தேவைப்படவில்லை.

தராசுக் கட்சிக்காரர்கள் சிரிப்பது கேட்கிறது. அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மைதா, ராகி மாவு, கடலை மாவு இவற்றைத் தராசில்தான் நிறுக்க வேண்டும். மில்லில் அரைத்து வந்த சூட்டில் ஒரு டம்ளர் மாவு. அதே மாவு டப்பாவில் இரண்டு நாள் அமுங்கியபின் ஒரு டம்ளர். இரண்டுக்கும் எடையில் நாலில் ஒரு பங்கு வரை வித்தியாசம் வரும். உப்பும் அப்படித்தான்: ஓர் ஆழாக்குப் பொடி உப்பு 240 கிராம் வரை நிற்கும், அதே ஆழாக்கில் கல் உப்பு பருமனுக்குத் தகுந்தபடி கணிசமாகக் குறையும். பேக்கரிக்காரர் தராசு இல்லாமல் கடை திறக்கக் கூடாது. இவ்வளவும் ஒப்புக்கொண்டாயிற்று.

ஆனால் இட்லிக்குத் தராசு எதற்கு? நாலுக்கு ஒன்று என்று இட்லி அரிசியும் உளுந்தும் போடுகிறோம். இரண்டும் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரே எடைதான், 800 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. படியில் அளந்தாலும் தராசில் நிறுத்தாலும் நாலுக்கு ஒன்று நாலுக்கு ஒன்றாகவே நிற்கும். அங்கே போய் கிராம் கணக்கில் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் அலுப்பாக இருக்கிறது. சண்டை போட வேண்டிய இடம் சோற்றுத் தண்ணீர். ஒரு பங்கு அரிசிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் என்பது படிக்கணக்கு. அதையே தராசில் வைத்து ஒரு கிலோ அரிசிக்கு இரண்டரைக் கிலோ தண்ணீர் என்று ஊற்றினால் சோறு விதை விதையாக நிற்கும். எடையில் அந்தக் கணக்கு ஒன்றுக்கு மூன்று. அரிசிம்பருப்பு சாதம் பாழாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பழியைக் குக்கர் சுமக்கிறது.

மாஸ்டரிடம் ஒருநாள் கேட்டேன்: "ஏனுங்க மாஸ்டர், படி அரிசி எத்தனை கிராமுங்க?"

"எந்த அரிசிங்க? பழசுங்களா, புதுசுங்களா?"

அதற்கு மேல் அவர் பேசவில்லை. மதராஸ் கணக்குப்படி படி 100 கன அங்குலம், சுமார் 1.64 லிட்டர், அரிசி 1,300-லிருந்து 1,400 கிராம் வரை. ஊருக்கு ஊர் படி மாறும், கொங்குப் பக்கத்து வள்ளம் என்ற அளவும் அப்படியே. இந்த விவரத்தை நான் அவரிடம் சொன்னபோது மரியாதைக்காகத் தலையாட்டினார்.

அவர் கேட்ட கேள்வியின் வம்சம் பெரியது. காரிநாயனார் எழுதிய பழைய தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரத்தில் ஒரு படிக்கு எத்தனை மணி என்று பட்டியலே இருக்கிறது: அவரை 1,800, மிளகு 12,800, நெல் 14,400, பயறு 14,800, அரிசி 38,000, எள் 1,15,000. நெல்லுக்கும் அரிசிக்கும் இவ்வளவு தூரம் எப்படி என்று எனக்கும் சந்தேகம் உண்டு. எண்ணிப் பார்க்கப் பொறுமை இல்லை. ஆனால் பொருளைச் சொல்லாமல் அளவைச் சொல்லக் கூடாது என்ற புத்தி அந்தப் பட்டியலில் இருக்கிறது. இன்றைக்குச் சமையல் வீடியோவில் "ஒரு கப்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எந்தக் கப்? அமெரிக்கக் கப் 240 மில்லி. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மில்லி. அது ஜப்பானியரின் பழைய 'கோ' அளவு, ஓர் ஆள் சாப்பாட்டுக்கான அரிசி. நம் ஆழாக்கு 200 மில்லிக்குச் சற்று மேலே, அதுவும் ஓர் ஆள் அரிசிதான். கடல் தாண்டி இருந்தவர்களின் வயிறும் ஏறக்குறைய நம் வயிற்றளவே என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். 1951-ல் மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' எழுதியபோது ஆழாக்கு, பலம் என்று கணக்குச் சொன்னார். படித்த பெண்கள் எந்த ஆழாக்கு என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. 1956-ல் மெட்ரிக் சட்டம் வந்தது, அறுபதுகளில் தானியம் தராசுக்குப் போனது. மண்டிக்கு அது நல்லதே. ஊட்டி உருளைக்கிழங்கு 45 கிலோ மூட்டை என்று மேட்டுப்பாளையத்தில் ஏலம் போகிறது; கிழங்கைப் படியில் அளக்கச் சொல்ல நான் பைத்தியமில்லை. சமையற்கட்டுக்குள்ளும் அதே சட்டத்தை இழுத்து வந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்தில் நிறைநாழி வைக்கிற இடத்தில் யாராவது எலக்ட்ரானிக் தராசை வைப்பார்களா?

மலைக் கல்யாணங்களில் மாஸ்டரைப் பார்க்க வேண்டும். ஊட்டி 2,200 மீட்டர் உயரத்துக்கு மேலே இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே பவானிக்கரையில் பழகிய கணக்கு அண்டாவில் செல்லாது. அரிசியை அதே அரைப்படியில், அதே ஒரே இழுப்பில் அளப்பார். தண்ணீரில் மட்டும் கை தாராளமாகும், நேரமும் கூடும். எவ்வளவு கூட்டினீர்கள் என்றால், "கொதி பாத்துத்தானுங்க" என்பார். அரிசி பிசகாமல் நிற்பதால்தான் தண்ணீரோடு விளையாட முடிகிறது. இரண்டையும் குத்துமதிப்பாகப் போடுகிறவர்கள் "கைப்பக்குவம்" என்று பெருமை பேசும்போது எனக்குக் கோபம் வரும்.

ஒரே ஒரு சாமானில் அவர் படியை நம்பமாட்டார்: எண்ணெய். ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம்தான் நிற்கும். எண்ணெய் சூட்டில் விரியும் என்பதை வைத்துச் சில கம்பெனிகள் பாக்கெட்டில் 60 டிகிரிக் கணக்கில் அளவு போட்டு வந்தன. சோயா எண்ணெய் 21 டிகிரியில் லிட்டர் 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். லிட்டர் குறையாது, எடை குறையும். மத்திய அரசு 2022-ல் தலையிட்டு, வெப்பநிலையைக் காட்டாமல் அளவும் எடையும் போடச் சொன்னது. 2023 ஜனவரி 15 வரை அவகாசம் கொடுத்தது. பாக்கெட் ஓரளவு ஒழுங்குக்கு வந்தது. டின் விஷயத்தில் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 15 லிட்டர் டின்னும் உண்டு, 15 கிலோ டின்னும் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். லிட்டர் டின்னில் 13.65 கிலோதான். மாஸ்டர் எழுதித் தரும் சாமான் சீட்டில் "கி.டின்" என்று அடிக்கோடு போட்டிருக்கும். கல்யாண வீட்டுக்காரர் விலை மலிவு என்று லிட்டர் டின் வாங்கி வந்துவிடுவார். ஐந்து டின்னுக்கு ஏழு லிட்டருக்கும் மேலே துண்டு விழும். கடைசி ஈடு பஜ்ஜி போடும்போது கடைக்கு ஆள் ஓடுவது அதனால்தான்.