புள்ளியும் கோளும்

கண்ணாற் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முதுமொழி. பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களின் படங்களை நோக்குவார் இதனை மறத்தலாகாது. படத்தில் ஒளிப்புள்ளி ஒன்று தோன்றியதும் கோள் காணப்பட்டதெனக் கொள்ளும் வழக்கம் மிகுந்துள்ளது. அது பொருந்துமா என ஆராய்தல் தகும்.

வியாழனைத் தொலைவிலிருந்து நோக்கின், அதன் ஒளி ஞாயிற்றொளியில் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கேயாகும். விண்மீனின் ஒளியை மறைத்த பின்னும் அதன் சிதறல் கோளையொத்த புள்ளிகளாய் எஞ்சும். இப்பொய்ப்புள்ளிகள் மூவகைப்படும். வளிமண்டலத்தாற் பிறப்பன வெள்ளவத்தைக் கடலின் அலைகளைப் போல்வன. கணந்தோறும் மாறுதலால் நெடும்பதிவில் ஒன்றோடொன்று கலந்து சமனுறும். கருவியின் மாறாப் பிழையால் வருவன கரைப்பாறையைப் போல்வன; ஒருமுறை அறிந்தாற் கழித்துவிடலாம். கருவியின் மெல்ல மாறும் பிழையோ மணற்றிட்டைப் போல்வது. நோக்கி நிற்கையில் அசையாது. பின்னொருநாட் பார்க்கின் உருமாறியிருக்கும். வெப்பநிலை மாறுதலும், தொலைகாட்டி திரும்புகையில் உறுப்புகள் தம் எடையால் வளைதலும் இதற்குக் காரணங்களாம். இது தானே சமனுறுவதுமில்லை. முன்பதிவைக் கொண்டு முற்றக் கழிக்கவும் இயலாது.

இதனை வெல்லும் முறையொன்றை மரூவா, லவ்றெனியர் முதலியோர் 2006 இல் விளக்கினர். புவிச்சுழற்சியால் நேரும் காட்சித் திருப்பத்தை ஈடுசெய்யாது விடின், கோள் படத்தில் விண்மீனைச் சுற்றி இடம்பெயரும். கருவியின் பொய்ப்புள்ளி நின்றவிடத்தே நிற்கும். ஆயின் விண்மீனை நெருங்க நெருங்கக் கோளின் பெயர்ச்சி குறுகும். அது போதிய அளவு பெயருமுன் பிழையும் மாறிவிடும். இம்முறையின் எல்லை இதுவே.

எச்.ஆர். 8799 என்னும் விண்மீனின் மூன்று கோள்கள் 2008 இல் இம்முறையால் வெளிப்பட்டன. அவற்றுளொன்று ஹபிள் தொலைகாட்டி 1998 இல் எடுத்த படத்திலேயே மறைந்திருந்ததை 2009 இல் லவ்றெனியர் குழுவினர் காட்டினர். ஹபிளின் பிழை பெரிதும் நிலையானது. ஆதலின் பிற விண்மீன்களின் படங்களைக் கொண்டு அதனைக் கணித்துக் கழிக்க முடிந்தது. குறைந்த பிழையினும் நிலைத்த பிழையே ஆய்வாளனுக்கு உதவுமென்பது இதனாற் பெறப்படும்.

இலங்கையிற் பிறந்த வானியலாளர் றே ஜயவர்த்தன, லவ்றெனியர், வான் கெர்க்வைக் ஆகியோர் ஜெமினித் தொலைகாட்டியால் 2008 இல் வெளியிட்ட படமும் ஈண்டு நோக்கத்தக்கது. ஞாயிற்றையொத்த இளவிண்மீனொன்றின் அருகே வியாழனைப்போல் எட்டு மடங்கு நிறையுடைய பொருளொன்றை அவர்கள் கண்டனர். அது விண்மீனுக்கு வெகுதூரத்தில் இருந்தமையாற் கருவிப் பிழை பற்றிய ஐயம் பெரிதன்று. தற்செயலாய் அதே திசையில் தோன்றும் தொடர்பற்ற வேறொரு பொருளோ என்பதே ஐயம். ஆதலின் தம் கட்டுரைத் தலைப்பில் அதனைக் கோளென்னாது, கோளாகக் கருதத்தக்க துணையென்றே குறித்தனர். இரண்டும் ஒருங்கே இயங்குதல் உறுதியான பின், 2010 ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே கோளெனத் தலைப்பிட்டனர்.

அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்த ஈராண்டே அப்படத்தின் பெருமை. பிழை குறைந்த இடத்திலேயே இத்துணை அடக்கம் வேண்டுமாயின், பிழை நாளும் உருமாறும் இடத்தில் எத்துணை வேண்டும்! புள்ளியைக் காண்பது கருவியின் தொழில். அதனைக் கோளென்று கூறுவது மனிதனின் பொறுப்பு.