வள்ளுவர் கடிந்த கள்

போதைப்பொருளின் தீமை பற்றி நம் மாணவர் எழுதும் கட்டுரைகளில் கள்ளுண்ணாமை அதிகாரத்துக் குறளொன்று இடம்பெறாமற் போவது அரிது. மேற்கோளாகவே பயின்று பயின்று அவ்வதிகாரம் அறிவிப்புப் பலகை போலாகிவிட்டது. பத்துக் குறளையும் ஒருங்கே வைத்து நோக்குவார் சிலரே.

புலால் மறுத்தலை அறத்துப்பாலில், துறவறத்தின்கண் 26ஆம் அதிகாரமாக வைத்த வள்ளுவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் 93ஆம் அதிகாரமாக வைத்தார். அடுத்து வருவது சூது. ஆகவே கள்ளை அவர் தனிமனிதன் பாவமாக மட்டும் கருதவில்லை. பொதுவாழ்வைக் கெடுப்பதாகவும் கண்டார் எனலாம். அதியமான் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துண்டதை ஔவையார் நெஞ்சுருகப் பாடிய புறநானூற்று மரபினின்று அவர் துணிந்து விலகியதும் எண்ணத்தக்கது.

ஈரல் கெடும், குடல் கெடும் என்று அவர் அச்சுறுத்தவில்லை. நஞ்சு என்னும் ஒரு சொல்லோடு அதனை முடித்துக்கொள்கிறார். பெற்ற தாய் முன்னும் இன்னாததாகிய களிப்பு சான்றோர்முன் என்னாகும் என வினவுகிறார். ஒளித்து உண்பவனை ஊரார் அறிந்து நகைப்பதைச் சொல்கிறார். விலை கொடுத்து மெய்யறியாமையை வாங்கும் பேதைமையைக் காட்டுகிறார். நாணம் இன்னும் எஞ்சியிருப்பவனை நோக்கிய பேச்சு இது.

இறுதி இரு குறள்களே அதிகாரத்தின் உயிர். களித்தவனுக்குக் காரணம் காட்டுதல், நீருள் மூழ்கியவனை விளக்கேந்தித் தேடுவதை ஒக்குமாம். அறம் உரைப்பவரே அறவுரையின் எல்லையை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புவது அருமை! அடுத்த குறளில் ஒரு வழி காட்டுகிறார்: தான் உண்ணாத பொழுதில், களித்திருக்கும் பிறனைக் கண்டு தன் நிலையை உணரலாகாதா என்கிறார்.

கள்ளுக்குப் பொருந்தும் இவ்வழி ஹெராயினுக்கு முழுதும் பொருந்துமா? பொருந்தாது என்பதே என் கருத்து. அதற்கு அடிமையானவனுக்கு அது கிட்டாத பொழுது தெளிவின் பொழுதன்று. உடல்வலியும் வாந்தியும் உறக்கமின்மையும் வாட்டும் பொழுது. அவனுக்குச் சிகிச்சை வேண்டும். மலேசியாவில் 2005இல் மெத்தடோன் சிகிச்சை தொடங்கப்பட்டது இதனை உணர்ந்தே.

மற்றொரு குறையும் உண்டு. வள்ளுவர் உண்பவனைக் கடிகிறார், விற்பவனைத் தொடவில்லை. குடிப்பவன் மனைவி மக்களும் இவ்வதிகாரத்தில் இல்லை. நம் தோட்டப்புற வரலாறோ விற்பவனிடமிருந்தே தொடங்குகிறது. உழைப்பவன் கூலி அவன் குடியிருப்பின் அருகிலேயே கள்ளுக்கடையில் கரைந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கோரினர். 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். குடிப்பவனிடம் குடிக்காதே என்று சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. கடையை மூடு என்றும் கேட்டனர். கள்ளுண்ணாமையைக் கற்பிக்கும் வகுப்பில் இவ்விரு ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதிவைத்த பின்னரே முதற் குறளைத் தொடங்கலாம்.