உடைமை சொல்லும் ஆங்கிலப் பயிற்றிகள்: ‘உடைய’ மட்டும் போதுமா?



தமிழ்ப்பள்ளியிலிருந்து படிவம் ஒன்றுக்கு வரும் பிள்ளைகளுக்காகத் தயாரித்த ஆங்கில இலக்கணப் பயிற்றிகள் பல நம் புலனக் குழுக்களில் சுற்றி வருகின்றன. ஒரு பக்கம் ஆங்கில விதி, மறுபக்கம் தமிழ் விளக்கம். நீங்களும் ஒன்றிரண்டைப் பதிவிறக்கி வைத்திருப்பீர்கள். அவற்றில் உடைமை சொல்லும் பகுதியை மட்டும் எடுத்து இங்கே பேசலாம்னு நினைக்கிறேன். ஆங்கிலப் பயிற்றியில் தமிழாசிரியருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அதில் தமிழ் விளக்கம் இருக்கிறதே! அது சரியா என்று பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இவை வியாபாரத்துக்காகச் செய்தவை அல்ல. ஆசிரியர்கள் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து, இலவசமாகப் பகிர்ந்தவை. எழுத்து பெரிது, படம் தெளிவு, பயிற்சி எளிதிலிருந்து கடினத்துக்குப் போகிறது. குறை அமைப்பில் இல்லை. மூன்று சமன்பாடுகளில் இருக்கிறது.

முதல் சமன்பாடு: ‘அப்பாஸ்ட்ரபி எஸ்’ என்றால் ‘உடைய’. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் தவறு செய்யும் இடத்தை இது தொடவே இல்லை. “மை ஃபாதர் நேம்” என்று எழுதும் பிள்ளையை நினைத்துப் பாருங்க. அந்தப் பிள்ளை வீட்டில் “அப்பாவுடைய பெயர்” என்றா பேசுகிறது? “அப்பா பேரு”, “மாமா வீடு”, “டீச்சர் பேக்”, அவ்வளவுதான். ‘உடைய’ அங்கே இல்லவே இல்லை. பள்ளியில் கேட்கும் மலாயிலும் “நாமா பாபா சாயா” என்று சொற்களை வரிசையாக வைத்தாலே உடைமை புரிந்துவிடும். தனியாக ஒரு குறி தேவையில்லை. ஆக, அந்தப் பிள்ளைக்குப் பழக்கமான இரண்டு மொழியிலும் குறி இல்லாமலே உடைமை சொல்லலாம். மூன்றாவது மொழியில் அதை விட்டுவிட்டால் ‘கவனக்குறைவு’ என்று சிவப்பு மையில் எழுதுகிறோம்.

அது கவனக்குறைவு இல்லை, ஆறாம் வேற்றுமைத்தொகை! நாமே வகுப்பில் நடத்துகிற பாடம். உருபு மறைந்து நிற்கும், பொருள் மட்டும் இருக்கும். “அப்பா பேரு” என்பதில் மறைந்திருப்பது எது என்று கேட்டால் பிள்ளைகள் உடனே சொல்வார்கள். அதற்குப் பிறகு ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: உடைமை சொல்லும்போது, ஆங்கிலத்தில் ஆளுக்குத் தொகை கிடையாது, உருபை வெளியே காட்டியே ஆக வேண்டும். இந்த வரி நான் பார்த்த எந்தப் பயிற்றியிலும் இல்லை.

இரண்டாவது சமன்பாடு: உயிருள்ளவற்றுக்கு ‘அப்பாஸ்ட்ரபி எஸ்’, உயிரற்றவற்றுக்கு ‘ஆஃப்’. பாதி உண்மை. “தி ரூஃப் ஆஃப் தி ஹவுஸ்” சரிதான். ஆனால் பிள்ளை நாளிதழைத் திறந்தால் “மலேசியா’ஸ் எக்கானமி”, “டுடே’ஸ் நியூஸ்” என்று வருகிறது. விடுப்புக் கடிதத்தில் “எ வீக்’ஸ் லீவ்” வருகிறது. நாட்டுக்கும் நாளுக்கும் உயிர் ஏது? விதியை நம்பிய பிள்ளைக்குக் குழப்பம். இன்னொரு பக்கம், ‘ஆஃப்’ என்று ஒன்று கிடைத்ததும் “தி ஹவுஸ் ஆஃப் மை அங்கிள்” என்று எழுதத் தொடங்குகிறார்கள். மலாயில் “புக்கு அலி” என்று பொருள் முன்னும் உடையவர் பின்னும் வருவதால் அந்த வரிசை அவர்களுக்கு வசதியாகவும் இருக்கிறது. இலக்கணப்படி அதைத் தப்பென்று அடிக்க முடியாது. ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

இங்கேயும் நம் இலக்கணம் கைகொடுக்கும். ஆறாம் வேற்றுமையின் பொருளை நன்னூல் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று இரண்டாகப் பிரிக்கிறது. முருகனது கை என்றால் பிரிக்க முடியாதது. முருகனது வீடு என்றால் பிரிக்கக்கூடியது. இந்தப் பிரிவை அப்படியே ஆங்கிலத்தில் ஒட்ட முடியாது. ஆனால் ‘உடையது எது, உடைமை எது, இரண்டுக்கும் என்ன உறவு’ என்று கேட்கும் பழக்கத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கும். அதன் பிறகு இப்படிச் சொல்லலாம். உடையவர் ஆளோ விலங்கோ என்றால் பெரும்பாலும் ‘அப்பாஸ்ட்ரபி எஸ்’. நாடு, நிறுவனம், நாள், வாரம் ஆகியவையும் அதே வழியில் போகும். ஒரு பொருளின் உறுப்பு என்றால் ‘ஆஃப்’, அல்லது மேசைக்கால் என்று நாம் சொல்வதுபோல் “டேபிள் லெக்” என்று சேர்த்துவிடலாம். கவனித்தீர்களா? ஆளுக்கு இல்லாத தொகை, பொருளுக்கு உண்டு!

சோதித்துப் பார்க்க ஒரு தொடர்: “மாமா வீட்டுக் கதவு”. மாமா ஆள், குறி வேண்டும். வீடு பொருள், கதவு அதன் உறுப்பு, ‘ஆஃப்’ வரலாம். “தி டோர் ஆஃப் மை அங்கிள்’ஸ் ஹவுஸ்” கிடைத்துவிடும். காலியிடம் நிரப்பும் இருபது கேள்விகளைவிட இந்த ஒரு தொடர் அதிகம் சொல்லித்தரும்.

பன்மையிலும் இதே கதை. குறி எஸ்ஸுக்கு முன்னா பின்னா என்பதற்குப் பயிற்றிகள் ஒரு முழுப்பக்க அட்டவணை தருகின்றன. மனப்பாடம் செய்தாலும் தேர்வில் மறந்துவிடும். காதும் உதவாது, ஒரு ஆசிரியர் என்றாலும் பல ஆசிரியர்கள் என்றாலும் “டீச்சர்ஸ் ரூம்” என்றுதான் ஒலிக்கும். தமிழில் பிரித்துக் காட்டுங்கள்: ஆசிரியர் + கள் + இன். முதலில் பன்மை, பிறகு உருபு. ஆங்கிலத்திலும் அதே வரிசைதான். உடையவரை முழுசா எழுதி முடி, பிறகு குறியைப் போடு. “டீச்சர்ஸ்” என்று எழுதி முடித்தபின் குறி. எஸ் ஏற்கெனவே இருப்பதால் இன்னொன்று வேண்டாம். “சில்ட்ரன்” என்று முடித்தபின் குறி, எஸ் இல்லாததால் ஒரு எஸ். “இட்ஸ்” குழப்பத்துக்கு: “ஹிஸ்”, “ஹெர்ஸ்”, “அவர்ஸ்” எதிலும் குறி இல்லை, ‘அதன்’ என்று பொருள்படும் “இட்ஸ்” அந்தக் குடும்பம்.

மூன்றாவது சமன்பாடுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது: ‘ஹேவ்’ என்றால் ‘வைத்திருக்கிறேன்’. ஆங்கிலம் ஒரே வினையால் சொல்வதைத் தமிழ் பலவாறு பிரித்துச் சொல்கிறது. எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். என்னிடம் பத்து ரிங்கிட் இருக்கிறது. எனக்குக் காய்ச்சல். எங்கள் வீட்டில் மூன்று அறைகள் உள்ளன. உறவு வேறு, கையிலிருக்கும் பணம் வேறு, உடல்நிலை வேறு என்று உருபை மாற்றி மாற்றிக் காட்டும் மொழி நம்முடையது. பயிற்றி அதையெல்லாம் அழித்து ஒற்றைச் சொல்லாக்கிவிடுகிறது.

விளைவு எங்கே தெரிகிறது? ஆங்கிலத் தாளில் இல்லை, நம் தமிழ்க் கட்டுரைத் தாளில். “நான் இரண்டு சகோதரர்களை வைத்திருக்கிறேன்” என்றும், “அவள் நீண்ட கூந்தலைக் கொண்டிருக்கிறாள்” என்றும் வருகிறது. ஒருவர் இன்னொருவரை ‘வைத்திருக்கிறார்’ என்றால் நம் பேச்சில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். சிரித்துவிட்டுத் திருத்திவிடுகிறோம், அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை. ஆங்கிலம் கற்றுத்தரச் செய்த உதவி தமிழைச் சுரண்டிவிட்டுப் போகிறது. ஆங்கிலமாவது தேறியதா என்றால், “மை ஹவுஸ் காட் த்ரீ ரூம்” அப்படியே இருக்கிறது.

மாற்று பெரிய வேலை இல்லை. அந்தப் பக்கத்தில் ஒரு சொல்லுக்குப் பதில் நான்கு தமிழ் வாக்கியங்களை வையுங்கள். நான்கையும் பிள்ளை ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ போட்டு எழுதட்டும். பிறகு தமிழ்ப் பக்கத்தை மூடிவிட்டு, ஆங்கிலத்திலிருந்து திரும்பத் தமிழுக்கு வரச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ‘எனக்கு’, எந்த இடத்தில் ‘என்னிடம்’ என்று அவர்களே பேசி முடிவு செய்வார்கள். ஒரே பயிற்சியில் இரண்டு மொழிக்கும் வேலை.

இரண்டு மூன்று மொழிகளுக்கு நடுவே வளரும் பிள்ளையை ஆங்கிலத்தில் பலவீனம் என்று முத்திரை குத்துவது சுலபம். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியும் என்பதையும் அது உதவும் என்பதையும் எடுத்துச்சொல்ல வகுப்பில் நம்மைத் தவிர வேறு ஆளில்லை. எனவே அடுத்த முறை இப்படியொரு பயிற்றி உங்கள் புலனத்துக்கு வந்தால், அடுத்த குழுவுக்கு அனுப்புவதற்கு முன் உடைமைப் பக்கத்தைத் திறந்து பாருங்க. ‘உடைய’, ‘உயிரற்றவை’, ‘வைத்திருக்கிறேன்’ என்ற மூன்று சொற்களைத் தேடுங்கள். இருந்தால், திருத்தி அனுப்புங்கள். தயாரித்தவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்க. உழைத்துச் செய்தவர், திருத்தத்தை மறுக்க மாட்டார்.