ஓரத்தில் ஒரு பென்சில் கோடு

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி முடிந்த கையோடு புது நாவல்களை வாங்கி வந்து, வேலை போக மிஞ்சிய இரவுகளில் ஒவ்வொன்றாகப் படித்து, ஒரு பக்க மதிப்புரை எழுதிவைக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். யாரும் கேட்டு எழுதுவதில்லை, சன்மானமும் கிடையாது. அவர்கள் படிக்கும் விதமே அழகு. புதுப் பிரதியின் முதுகுப் பசை லேசாக முறியும் சத்தம், தாளிலிருந்து எழும் மை வாசனை, ஓரத்தில் பென்சில் உரசிப் போகும் சரசரப்பு. பிடித்த வரிக்கு நேராக ஒரு செங்குத்துக் கோடு, இடறிய இடத்தில் சின்னக் கேள்விக்குறி. பேனாவைத் தொடுவதில்லை; கருத்து மாறினால் அழிக்க வேண்டுமே.

நாவலில் வருவது கரிசல் பேச்சோ நாஞ்சில் நாட்டுப் பேச்சோ, பழகாத காதுக்கு முதல் சில அத்தியாயங்கள் கரடுமுரடாகவே இருக்கும். விடமாட்டார்கள். உரையாடல்களை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பார்கள். திடீரென்று ஒரு பாத்திரத்தின் குரல் கேட்கத் தொடங்கும். மதிப்புரை எழுதும்போது கதையைச் சொல்லவும் வேண்டும், முடிச்சை அவிழ்த்துவிடவும் கூடாது. கீரை ஆய்வதுபோல ‘அருமை’, ‘அற்புதம்’ எல்லாவற்றையும் கிள்ளிப் போட்டுவிட்டு, எந்த இடம் தங்களை நிறுத்தியது, ஏன் என்று மட்டும் எழுதுவார்கள். விமர்சகர் க.நா.சு. தம் நூலுக்குப் ‘படித்திருக்கிறீர்களா?’ என்று பெயர் வைத்தாரே, நல்ல மதிப்புரையின் தொனி அதுதான் என்று எனக்குத் தோன்றும். முதல் நாவல் எழுதியவரை இவர்கள் தேடி எடுப்பதை மிகவும் மதிக்கிறேன். பெயர் தெரியாத ஒருவரின் 300 பக்கத்துக்குத் தங்கள் வாரத்தையே கொடுக்கிறார்கள்.