அரைத்த மாவும் மாறும் அளவுகோலும்: இணையவழி அதிரடிப் பாத்திரமேற்பு ஆட்டங்களில் மீள்செய்கையும் சமநிலைத் திருத்தமும்

ஆய்வுச் சுருக்கம்

இணையவழி அதிரடிப் பாத்திரமேற்பு ஆட்டங்கள் மீது இரண்டு குற்றச்சாட்டுகள் தொடர்ந்து வைக்கப்படுகின்றன. ஒரே செயலைச் சலிப்புண்டாகும்வரை திரும்பத் திரும்பச் செய்யவைக்கின்றன என்பது ஒன்று. ஆட்டத்தின் விதிகளையும் வலிமை அளவுகளையும் உருவாக்குநர் அடிக்கடி மாற்றுகின்றனர் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனிக் குறைகளாகக் காண்பது பொருந்தாது என்பதை டயப்லோ வரிசை ஆட்டங்களையும் பாத் ஆஃப் எக்ஸைல் ஆட்டத்தையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. செய்து முடிக்கப்பட்ட உழைப்பின் பயனைத் திருத்தம் எவ்வாறு நடத்துகிறது என்பதே இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: மீள்செய்கை, கிரைண்டிங், சமநிலைத் திருத்தம், வலுக்குறைப்பு, பருவம், டயப்லோ, பாத் ஆஃப் எக்ஸைல்.

மீள்செய்கையின் இயல்பு

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைக்கிறது. அவ்வுவகை துன்பம் நீங்கியது என்றும் கொள்கிறது. பிரெஞ்சு அறிஞர் ரொஜே கையுவா 1958இல் வெளியிட்ட விளையாட்டுக் கோட்பாட்டு நூலில், விளையாட்டு எதையும் உற்பத்தி செய்யாத செயல் என்று வரையறுத்தார். இவ்விரு கருத்துகளையும் மனத்திற்கொண்டு டயப்லோ 2 ஆட்டக்காரர் ஒருவரின் மாலைப்பொழுதைக் காண்பவர் திகைப்பார். அவர் மெஃபிஸ்டோ என்னும் அசுரனைக் கொல்கிறார். அது சிதறவிட்ட பொருள்களைப் பார்வையிடுகிறார். ஆட்டத்திலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்து அதே அசுரனை மறுபடியும் கொல்கிறார். நூறாவது முறையும் இதுவே நிகழ்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் கிரைண்டிங் என்னும் சொல் அரைத்தலைக் குறிக்கும். அரைத்த மாவையே அரைத்தல் என்னும் தமிழ் வழக்கு, ஆட்டக்காரரின் ஏளனத்தை அதைவிடக் கூர்மையாகச் சொல்லிவிடுகிறது.

எனினும் இவ்வகை ஆட்டத்தில் மீள்செய்கை வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நோயன்று. ஒவ்வொரு முறையும் விழும் பொருள் தற்செயலால் முடிவாகிறது. கிடைத்த பொருளைக் கொண்டு பாத்திரத்தை எவ்வாறு அமைப்பது என்பது ஆட்டக்காரரின் அறிவைச் சார்ந்தது. தற்செயலும் அறிவும் சந்திக்கும் அந்த ஒரு கணத்திற்காகவே மீதி நேரம் செலவிடப்படுகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் பாத் ஆஃப் எக்ஸைலை உருவாக்கிய நிறுவனம் தனக்கு கிரைண்டிங் கியர் கேம்ஸ் என்று பெயரிட்டுக்கொண்டதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை.

மீள்செய்கையின் உயிர் எங்குள்ளது என்பதை அது அறுபட்ட இடத்தில்தான் தெளிவாகக் காணலாம். 2012 மே மாதம் வெளிவந்த டயப்லோ 3, ஆட்டப் பொருள்களை ஆட்டத் தங்கத்திற்கும், பின்னர் மெய்யான பணத்திற்கும் விற்று வாங்கும் ஏலக்கூடத்தைக் கொண்டிருந்தது. அசுரனைக் கொன்று பெறும் பொருளைவிட ஏலக்கூடத்தில் தேடி வாங்கும் பொருள் பெரும்பாலும் மேலானதாக இருந்தது. மீள்செய்கை குறைந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அது கூலிவேலையாக மாறியது. தனக்கு வேண்டிய பொருளுக்காக அரைத்தவர், இப்போது பிறர் பொருளை வாங்கும் தங்கத்திற்காக அரைத்தார். அசுரனைக் கொன்று பொருள் பெறுதல் என்னும் ஆட்டத்தின் அடிப்படையையே ஏலக்கூடம் குலைக்கிறது என்று நிறுவனமே ஏற்றுக்கொண்டு, 2014 மார்ச் 18 அன்று அதை மூடியது. அதற்குச் சற்று முன்னர் வந்த திருத்தம், விழும் பொருள்களின் எண்ணிக்கையைக் குறைத்து, அவை ஆட்டக்காரரின் பாத்திரத்திற்குப் பொருந்தும் வாய்ப்பைக் கூட்டியது. அசுரரும் குகைகளும் பெரிதும் முன்னிருந்தவையே, ஆட்டம் மீண்டது.

திருத்தம் மருந்தாகும் இடம்

சமநிலைத் திருத்தமே கூடாது என்போர் டயப்லோ 2இன் வரலாற்றை நோக்க வேண்டும். 2003இல் வந்த 1.10 திருத்தம் திறன்களுக்கிடையே புதிய உறவுகளை ஏற்படுத்தியது. இனிக்மா முதலிய ரூன் சொற்களையும் கொணர்ந்தது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் தாவும் மந்திரத்தை எல்லா வகைப் பாத்திரங்களுக்கும் இனிக்மா அளித்தது. விளைவாக, சுத்தியல் மந்திரத்தை வீசும் பாலடின் ஒருவரே எங்கும் உலவலானார். பிற அமைப்புகள் இருந்தன. அவற்றைத் தேர்வது பிடிவாதமாகக் கருதப்பட்டது. அளவுகள் ஆண்டுக்கணக்கில் பெரிதும் மாறாமல் நின்றபோது, அசுரன் மட்டுமன்றிக் கொல்லும் முறையும் ஒன்றேயாயிற்று. மாறாத விதியும் மீள்செய்கையை நஞ்சாக்கும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

பாத் ஆஃப் எக்ஸைல் கண்ட வழி பருவம் என்பதாகும். ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு மாதங்களுக்கு ஒருமுறை புதிய உலகம் திறக்கிறது. அனைவரும் வெறுங்கையுடன் தொடங்குகின்றனர். பெரிய திருத்தங்கள் அந்த வாயிலில் நிகழ்கின்றன. பருவம் முடிந்ததும் சேர்த்தவை அழிக்கப்படாமல் நிலையான உலகத்திற்குச் சென்றுவிடுகின்றன. அரிய பொருளொன்றின் அளவு குறைக்கப்பட்டால், முன்பே ஆட்டக்காரரிடம் உள்ள படிகள் பெரும்பாலும் பழைய அளவுடனேயே விடப்படுகின்றன. பழையவர்க்கு இது நேர்மை. புதியவர்க்கோ, இனி எவராலும் ஈட்டவியலாத பரம்பரைச் சொத்து. அச்சொத்து புதிய பருவத்திற்குள் நுழைய இயலாது என்பதால் அநீதி ஓரளவு கட்டுக்குள் நிற்கிறது. குறைபாடில்லாத தீர்வு என்று இதைச் சொல்ல இயலாது. ஆயினும் முடிந்த உழைப்பையும் வரப்போகும் உழைப்பையும் வேறுபடுத்திப் பார்க்கும் எண்ணம் இதில் உள்ளது.

திருத்தம் காயமாகும் இடம்

இந்த எண்ணம் இல்லாதபோது நேர்வதை 2012 ஜூன் மாதத்து டயப்லோ 3 காட்டுகிறது. 1.0.3 திருத்தம், ஆயுதங்களும் கவசங்களும் தரும் தாக்குதல் வேகத்தைப் பாதியாகக் குறைத்தது. அம்புத்தூணிக்கு மட்டும் விலக்கு இருந்தது. குறைப்பு இனி விழும் பொருளுக்கு மட்டுமன்றி, முன்பே ஈட்டிய பொருளுக்கும் பொருந்தியது. மெய்ப்பண ஏலக்கூடம் திறந்ததும் அதே மாதத்தில்தான். தாக்குதல் வேகம் மிகையாக இருந்தது என்னும் உருவாக்குநரின் கணிப்பு தவறானதன்று; கணக்கு சரி, கணக்கிட்ட காலம் பிழை. வாரக்கணக்கில் தேடியோ விலை கொடுத்தோ பெற்ற கையுறை, ஒரே இரவில் வேறொரு கையுறையாயிற்று. அறுவடைக்குப் பின் மரக்காலை மாற்றியது போன்ற செயல் இது.

ஆனால் பருவ வாயிலில் திருத்தினாலே போதும் என்று முடிவு கட்டவும் இயலவில்லை. டயப்லோ 4இன் முதல் பருவம் 2023 ஜூலை 20 அன்று தொடங்கியது. அதற்கு இரு நாள் முன்னர் வந்த 1.1.0 திருத்தம் பாத்திரங்களின் தாக்கும் வலிமையையும் தாங்கும் வலிமையையும் பரவலாகக் குறைத்தது. புதிய பருவத்தில் எவரும் இன்னும் எதையும் ஈட்டியிருக்கவில்லை. பின் ஏன் அத்தனை சினம்? ஆட்டக்காரர் பருவத்திலிருந்து பருவத்திற்குச் சுமந்து செல்லும் ஒன்று உண்டு. அது வேகத்தின் நினைவு. ஒரு குகையை எவ்வளவு நேரத்தில் முடிக்கலாம் என்பதை அவர் கை அறிந்திருக்கிறது. குகையைவிட்டு வெளியேறும் வசதிக்கான காத்திருப்பைக்கூட அத்திருத்தம் மூன்று நொடியிலிருந்து ஐந்து நொடியாக நீட்டியது. இரண்டு நொடிதானே எனலாம். நூறு குகைக்கு அது இருநூறு நொடி, அதுவும் எந்த முடிவும் எடுக்க வேண்டாத வெற்று நொடி. இங்கு மீள்செய்கைக்கான விலை உயர்ந்தது, பயனோ உயரவில்லை. நேரலையில் தோன்றிய உருவாக்குநர், இத்தகைய திருத்தம் இனி வராது என்று சொல்ல நேர்ந்தது.

பாத் ஆஃப் எக்ஸைலும் இதற்கு விலக்கன்று. 2021 ஜூலையில் வந்த 3.15 திருத்தம் துணைக் கற்களின் வலிமையைக் குறைத்தது. ஆண்டுதோறும் பெருகிய மிகைவலிமையை அடக்குவதே நோக்கம் என்று விளக்கப்பட்டது. பொருள்களுக்குக் கிடைத்த காப்பு இந்தக் கற்களுக்குக் கிடைக்கவில்லை. நிலையான உலகத்துப் பழைய பாத்திரங்களும் வலுவிழந்தன. மிகைவலிமையை யார் வளர்த்தது என்ற வினா இங்கு எழுகிறது. பருவந்தோறும் ஆட்டக்காரரைத் திரும்ப அழைக்க முன்னதைவிட வலிய பரிசுகளை அளித்தவர் உருவாக்குநரே. ஈர்ப்பதற்காகக் கொடுத்துவிட்டுச் சமநிலைக்காகப் பறிப்பது இவ்வணிக முறையின் உள்முரண். எண்களைச் செம்மைப்படுத்துவதால் மட்டும் அது தீராது.

வலுத்ததைக் குறைப்பதா, நலிந்ததை உயர்த்துவதா என்னும் தேர்வு இங்கு முதன்மை பெறுகிறது. உயர்த்துவது எளிது, எவரையும் நோகடிக்காது. ஆனால் அசுரரின் வலிமையையும் உடன் உயர்த்த நேரும், நாளடைவில் எண்கள் பொருளிழக்கும். டயப்லோ 3இன் பிற்காலச் சேத எண்கள் படிக்கவே இயலாத அளவிற்கு நீண்டதை அதன் ஆட்டக்காரர் அறிவர். எண்கள் பெரிதும் வீங்காத பழைய ஆட்டத்தில் உயர்த்தும் வழிக்கு இடம் மிகுதி. 2021இல் மீளுருவாக்கம் பெற்ற டயப்லோ 2, 2022 ஏப்ரலில் 2.4 திருத்தத்தின் வழியே பத்தாண்டுகளுக்கு மேல் தொடப்படாத தன் அளவுகளை மாற்றியது. நெடுங்காலம் எவரும் தேராத திறன்கள் பல உயர்த்தப்பட்டன. பாலடினின் சுத்தியல் முன்பிருந்தபடியே விடப்பட்டது.