இரவல் கடிகாரமும் சொந்த முகமும்

மாலி நாட்டின் பமாகோ நகரில் 1948இல் ஸ்டூடியோ திறந்த ஸெய்து கெய்த்தா, அதற்கு முன் தச்சர். பின்னணிக்குத் தொங்கவிட்டது தன் கட்டில் விரிப்பை, வெளிச்சத்துக்குச் சூரியன். கைக்கடிகாரம், பேனை, ரேடியோ எல்லாம் வந்தவர்களுக்கு இரவல் கொடுப்பார்.

இதைப் பொய் வேஷம் என்று சொல்லலாம். எனக்கு அப்படித் தெரியல்ல. எங்கட உம்மம்மாமாரும் இரவல் நகை போட்டுப் படம் பிடிச்சவங்கதான். ஆசையும் மனுசருடைய உண்மைதான். அதைக் கேலியாக்காமல் நிமிர்ந்து உட்கார வைத்ததே கெய்த்தாவின் கலை.

1991இல் நியூயோர்க் கண்காட்சியொன்றில் அவருடைய படங்கள், எடுத்தவர் பெயர் தெரியாதவையாகவே தொங்கின. பிறகு அவருக்குப் பெயர் கிடைத்தது. வீட்டுச் சுவருக்காகப் படம் பிடித்த அந்தக் குடும்பத்தாரோ இன்றும் பெரும்பாலும் பெயரில்லாமலே நிற்கிறார்கள்.

நம் வீட்டு அல்பத்தை உம்மா இருக்கும்போதே திறந்து, ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்திலும் பெயர் எழுதி வைப்போம்.